முக்கால்பட்டி மன்றத்தின் பில்லியர்ட்ஸ் பயிற்சி

முக்கால்பட்டி என்று ஓர் ஊர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியாது என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் நேரில் சொல்ல மாட்டார்கள். நமக்கும் எதற்கு வம்பு?

அந்த ஊரில் ஒரு மனமகிழ் மன்றம் உண்டு. ஓட்டுக் கட்டடம், ஒரே அறை, ஒரு கதவு, ஒரு கம்பி ஜன்னல். மன்றத்தில் மொத்தம் நான்கு பேர். அரிசி ஆலை வைகுண்டமணி தலைவர். தையல்கடை மாசானமுத்து துணைத் தலைவர். மைக் செட் வாடகைக்கு விடும் சூசை இணைச் செயலாளர். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன் செயலாளர். உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது. எல்லாரும் பதவியில் இருந்துவிட்டால் பதவிச் சண்டை வராது என்று தொடக்கத்திலேயே யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

அறையின் நடுவே பச்சைத் துணி விரித்த ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. ஆறு குழிகள், பதினைந்து வண்ணப் பந்துகள், அவற்றை இடித்துக் குழியில் தள்ளுவதற்கு ஒரு வெள்ளைப் பந்து, அந்த வெள்ளைப் பந்தைக் குத்துவதற்கு நாலு கோல். மாவட்ட பில்லியர்ட்ஸ் சங்கம் கொடுத்த மேசை. அதில் கடைசியாக ஒரு பந்து அசைந்து பதினோரு வருடம் ஆகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. அன்று ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது டீ வந்துவிட்டது. ஒழுங்கு தவறக் கூடாதென்று ஆவுடையப்பன் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, 'தேநீர் வந்துவிட்டபடியால் ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த தீர்மானம் நிறைவேறும் வரை மன்றத்தார் எவரும் மேசையைத் தொடக் கூடாது' என்று எழுதி, நால்வரிடமும் கையெழுத்து வாங்கி, புத்தகத்தை மேசைமேலேயே வைத்து, தூசி படாமல் ஒரு போர்வையால் மூடினார். டீ குடித்து முடித்தார்கள். அடுத்த தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போடப் புத்தகம் வேண்டும். புத்தகம் மேசைமேல் இருக்கிறது. மேசையைத் தொடக் கூடாது.

நால்வரும் நாற்காலியைப் போட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் ஆவுடையப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு அந்த மேசையைத் தவிர உலகத்தில் போக்கிடம் வேறில்லை. அவர் வீட்டில் மனைவி சண்முகக்கனியின் தம்பி கொம்பையா இருக்கிறார். நல்ல மனிதர், யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காதவர். ஆனால் ஒரு காலத்தில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. மயக்க ஊசி போட்டதிலிருந்து தையல் பிரித்தது வரைக்கும் அதைச் சொல்லி முடிக்க இரண்டே கால் மணி நேரம் ஆகும். தினமும் சொல்வார். மத்தியானம் யாராவது விழித்திருந்தால் மறுபடியும் சொல்வார். மன்றத்தின் கதவில் ஒரு போர்டு மாட்டியிருந்தது: 'மன்றத்தார் அல்லாதவர் இந்தக் கதவு வழியாக உள்ளே வரக் கூடாது.' அந்தப் போர்டுதான் ஆவுடையப்பனுக்குக் காவல் தெய்வம். காலை பத்து மணிக்கு அதைத் தாண்டி உள்ளே போனால் மாலை ஐந்து வரைக்கும் அவர் காது அவருக்கே சொந்தம்.

இப்படி இருக்கையில் மாவட்டச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆவுடையப்பன் அதை வாசிக்க வாசிக்க அவர் குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. பன்னிரண்டு வருடத்துக்குள் ஒரு போட்டியிலாவது கலந்துகொண்டு ஒரு பந்தையாவது அடிக்காத மன்றத்திடமிருந்து மேசை திரும்பப் பெறப்படும். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி போட்டி. அதுதான் கடைசி வாய்ப்பு.

"மேசை போயிட்டா என்னவே செய்ய?" என்றார் வைகுண்டமணி.

"மேசை இல்லைன்னா எதைச் சுத்தி உக்காருவோம்?" என்றார் மாசானமுத்து. "நாலு பேரு சும்மா நடு ரூம்ல வட்டமா உக்காந்தா ஊரு சிரிக்கும்லா?"

ஆவுடையப்பனுக்குக் கண் முன்னால் கொம்பையாவின் வயிற்றுத் தையல் தெரிந்தது.

தலைவரின் ஆலைக்கு நெல் கொடுக்கும் ஒருவரின் சம்பந்தி ஞானதுரை என்பவர் முன்னாள் மாவட்டச் சாம்பியன். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே நாற்பது நிமிடம் ஒதுக்கி அவர் வந்து சேர்ந்தார். வந்தவர் போர்டைக்கூடப் பார்க்காமல் உள்ளே நுழைந்து, ஒருவரையும் கேட்காமல் போர்வையை உருவினார். தீர்மானப் புத்தகத்தை எடுத்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தார். நால்வரும் அசந்து போனார்கள்.

"மேசையத் தொட்டுட்டாரே!" என்றான் சூசை.

"தொட்டா என்னவே? அவரு மன்றத்தாரு இல்லையே. தீர்மானம் அவரைக் கட்டாது" என்றார் ஆவுடையப்பன். பதினோரு வருடமாக இது ஏன் தோன்றவில்லை என்று நால்வரும் ஒருவரை ஒருவர் மெச்சுதலாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஞானதுரை பந்துகளை வாரிச் சேர்த்து முக்கோணமாக அடுக்கியபோதுதான் மாசானமுத்துவுக்கு உயிர் போனது. "ஐயா, அது நான் ஜெயிக்கப்போற ஆட்டம்" என்று கண் கலங்கினார். ஞானதுரை அதைக் காதில் வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "எழுதிக்கிடுங்க" என்று நாலு விஷயம் சொன்னார். ஆவுடையப்பன் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

பந்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. போட்டி அன்று எப்படியோ அப்படியே தினமும் பயிற்சி செய்ய வேண்டும். கை பழகிய மேசையில்தான் ஆட்டம் வரும்.

"இதை அப்படியே செஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு அவர் ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டார். அந்த 'அப்படியே' என்ற சொல்லை மட்டும் அவர் முக்கால்பட்டியில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, இனி மேசையைத் தொடலாம் என்று முதலில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டு, நால்வரும் மேசைக்கு நாலு பக்கமும் குனிந்து நின்று பந்துகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு ஆனது. மூன்று ஆனது. சூசைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அண்ணாச்சி, கண்ணை எடுக்கக் கூடாதுன்னாரு. எம்புட்டு நேரத்துக்குன்னு சொல்லலையே?"

"சொல்லலைன்னா எப்பவும்னுதான் கணக்கு" என்றார் தலைவர், வெள்ளைப் பந்தைப் பார்த்தபடியே. "இல்லைன்னா நேரம் சொல்லியிருப்பாருல்லா?"

ஐந்து மணிக்கு மன்றத்தைப் பூட்ட வேண்டும். ஆகவே ஆளுக்கொரு பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தலைவர் என்பதால் வைகுண்டமணி வெள்ளை. மாசானமுத்து சிவப்பு, சூசை மஞ்சள், ஆவுடையப்பன் கறுப்பு. சூசை ஒரு கையில் பந்தும் ஒரு கையில் ஹேண்டில்பாருமாக சைக்கிளை மிதித்து, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக வாய்க்காலுக்குள் போனான். தூக்கிவிட வந்தவர்கள் பார்த்தபோது இடுப்பளவு தண்ணீரில் மல்லாந்து கிடந்தபடி பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாசானமுத்து அன்றைக்கு டிராயிங் வாத்தியாருடைய பேண்டை மூன்று காலோடு தைத்துக் கொடுத்தார். வாத்தியாரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். அவரும் அந்த ஊர்தானே.

ஆவுடையப்பன் கறுப்புப் பந்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே பிசைந்தார். குழம்பு என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார்.

எதிரில் கொம்பையா வந்து உட்கார்ந்தார். "அத்தான், இந்தப் பந்தைப் பாத்தா எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது."

"வர வேண்டாம் கொம்பையா" என்றார் ஆவுடையப்பன் பந்தைப் பார்த்தபடி.

"என் குடல்வாலு வீங்கி இந்தப் பந்துல பாதி இருந்துச்சு. டாக்டரே கையில எடுத்துக் காட்டுனாரு. முதல்ல என்னைய ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சாவ பாருங்க…"

கண்ணை எடுக்க முடியாதவர் எழுந்து போக முடியுமா? தண்ணீர்ச் சோறு காய்ந்து போகிற வரைக்கும் ஆவுடையப்பன் கேட்டார். அன்றைக்கு அவர் மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தார். என்ன ஆனாலும் சரி, மேசையை விடக் கூடாது.

இரண்டாம் கட்டம் மூச்சு. வீட்டுக்குக் கொண்டுபோன பந்துகளை அவையவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்கள். வைகுண்டமணி குனிந்து கோலை நீட்டிக் குறி பார்த்தார். மற்ற மூவரும் மூச்சை அடக்கினார்கள். தலைவரோ எதையும் நிதானமாகச் செய்கிறவர். ஒரு மூட்டை நெல்லை வாங்குவதற்கு முன் ஒன்பது தடவை முகர்ந்து பார்ப்பார். கோலை முன்னே கொண்டுபோனார், பின்னே கொண்டுவந்தார், ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றக் கண்ணை மூடினார். அதற்குள் மாசானமுத்துவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து அவர் தொப்பென்று தரையில் விழுந்தார்.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சத்தம் போடக் கூடாதுன்னு சொன்னாருல்லா?"

"அண்ணாச்சி, விழுந்த சத்தம்தான் கேட்டுச்சு. மூச்சு விட்ட சத்தம் கேக்கலை" என்று ஆவுடையப்பன் எடுத்துச் சொன்னார். தலைவர் அதை ஒத்துக்கொண்டார். மாசானமுத்துவின் முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகு கூட்டம் போட்டார்கள்.

"மூச்சு விடாம இருக்க முடியலை. விட்டா சத்தம் கேக்குது. என்ன வழி?" என்றார் தலைவர்.

"ஒருத்தர் அடிக்கும்போது மத்த மூணு பேரும் வெளிய போயி நின்னு மூச்சு விட்டா?" என்றான் சூசை.

"பந்து குழியில விழுந்துச்சா இல்லையான்னு யாருவே பாக்க?" என்றார் தலைவர்.

"அடிச்ச ஆளே வெளிய வந்து சொல்லட்டும். அவரைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

அருமையான யோசனை. அன்றே நடைமுறைக்கு வந்தது. முதலில் தலைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் கோலைத் தோளில் சாய்த்தபடி வெளியே வந்து, "பதினஞ்சும் விழுந்துட்டு" என்றார். மூவரும் கை தட்டினார்கள். மாசானமுத்து போனார். அவரும் பதினைந்து. சூசை வாய்க்கால் சளியோடு போனான். அவனுக்கும் பதினைந்து.

ஆவுடையப்பனின் முறை வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கோலை எடுத்தார். அடித்து, பந்து விழாமல் போனால்? மற்ற மூவரும் பதினைந்து போட்டிருக்கிறார்கள், நான் மட்டும் ஒன்றுகூடப் போடாதவன் என்று ஆகிவிடாதா? கோலால் பந்தைத் தொடாமல் சிறிது நேரம் நின்றார். ஜன்னல் வழியாக ஒரு காக்காவைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, "பதினஞ்சும்" என்றார்.

"நம்ம மன்றத்துல இம்புட்டுத் திறமை இருந்திருக்கு, நமக்கே தெரியலை பாத்தீரா!" என்று தலைவர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆறு நாள் இப்படியே பயிற்சி நடந்தது. ஒருவரும் ஒரு பந்தும் தவறவில்லை. ஆறு நாளும் ஆவுடையப்பன் வீட்டுக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் நடுவே தான் ஒருவன்தான் ஏமாற்றுக்காரன் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பந்துகள் மட்டும் ஞானதுரை அடுக்கிய முக்கோணத்திலேயே ஆடாமல் அசையாமல் இருந்தது அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். அடித்து முடித்தபின் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு வருகிற அவர்களுடைய பெருந்தன்மையை நினைத்து இன்னும் வெட்கப்பட்டார்.

பிறகு, போட்டி அன்று எப்படியோ அப்படியே பயிற்சி செய்ய வேண்டுமே. போட்டி அன்று எப்படி இருக்கும்? ஒருவரும் போனதில்லை. எல்லாரும் சூசையைப் பார்த்தார்கள்.

"நான் மைக் செட் கட்டாத போட்டி உண்டா?" என்றான் சூசை. "கபடி, கோலம், பானை உடைக்கது, எல்லாம் பாத்தாச்சு. முதல்ல இறைவணக்கம். பெறவு வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை, வாழ்த்துரை. பொன்னாடை போத்தணும். குத்துவிளக்கு ஏத்தணும். கடைசில நன்றியுரை. நேரம் இருந்தா ஆட்டம்."

மறுநாளே அறைக்குள் ஒரு மூலையில் மேடை போட்டாகிவிட்டது. நால்வர் படத்தோடு ஃபிளெக்ஸ் அடித்தார்கள். பில்லியர்ட்ஸ் பந்துக்கு அதில் இடம் போதவில்லை. மன்றத்தில் இருந்தது ஒரே பொன்னாடை. அதைத் தலைவர் செயலாளருக்குப் போர்த்தினார், செயலாளர் துணைத் தலைவருக்குப் போர்த்தினார், துணைத் தலைவர் சூசைக்குப் போர்த்தினார், சூசை திரும்பவும் தலைவருக்குப் போர்த்தினான். பில்லியர்ட்ஸால் ஊருக்கு வரப்போகும் பெருமையைப் பற்றி வைகுண்டமணி ஒன்றரை மணி நேரம் பேசினார். அவரை அறிமுகப்படுத்தியே மாசானமுத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தார். ஆவுடையப்பன் நன்றியுரையில் மைக்குக்கு நன்றி, நாற்காலிக்கு நன்றி, வந்திருந்து சிறப்பித்த காற்றுக்கு நன்றி என்று முடித்தபோது மணி ஐந்து.

"ஆட்டம்?" என்றார் மாசானமுத்து.

"நேரம் இல்லையே. நாளைக்கு" என்றார் தலைவர்.

நாளைக்கும் விழா, நாளை மறுநாளும் விழா. உரைகள் நாளுக்கு நாள் மெருகேறின. இருபத்தாறாம் தேதிக்குள் தலைவர் பேச்சின் நடுவே இரண்டு இடத்தில் தானாகவே கண்ணீர் வரும் அளவுக்குத் தேறிவிட்டார்.

மைக் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கொம்பையா மன்றத்தின் வாசலுக்கு வந்துவிட்டார். "அத்தான், எனக்கும் ஒரு வாழ்த்துரை குடுங்களேன். ஆபரேஷன் அனுபவத்தை வச்சு ரெண்டு வார்த்தை."

ஆவுடையப்பன் போர்டைக் காட்டினார். கொம்பையா எழுத்தெழுத்தாக வாசித்தார். சட்டத்தை மதிக்கிற மனிதர். "சரி அத்தான். இந்தக் கதவு வழியா வரக் கூடாது, அவ்வளவுதானே" என்று தெருவிலேயே நின்றுகொண்டார்.

போட்டிக்கு முந்தின நாள்தான் கடைசிக் கட்டளை ஞாபகத்துக்கு வந்தது. கை பழகிய மேசையில்தான் ஆட்டம் வரும்.

"அப்போ மேசைய எடுத்துட்டுல்லா போகணும்!" என்றார் தலைவர். "நம்ம மில் லாரி இருக்கு. ஆனா கதவு வழியா மேசை போகாதே. அன்னைக்கு எப்படிவே உள்ள வந்துச்சு?"

"மேசை வந்த பெறவுதானே முன்சுவரைக் கட்டுனோம்" என்றார் ஆவுடையப்பன்.

"அப்போ சுவரு போன பெறவுதான் மேசை போகும்."

"காலைக் கழட்டிச் சாய்ச்சா கதவு வழியாவே போயிருமே" என்றார் மாசானமுத்து.

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "காலைக் கழட்டுனா அது வேற மேசைவே. நமக்குக் கை பழகுனது காலோட உள்ள மேசையில."

மறுப்பதற்கு இடமில்லாத பேச்சு. கடப்பாரை வந்தது. நிலையும் கதவும் போர்டும் உட்பட முன்சுவர் முழுவதும் கீழே வந்தது. பந்துகளைப் பையில் கட்டி, தீர்மானப் புத்தகத்தை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மேசையை லாரியில் ஏற்றினார்கள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஆவுடையப்பன், இந்த மேசை திரும்பி வர வேண்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டார்.

போட்டி நடந்த மண்டபம் அமைதியாக இருந்தது. ஆறு மேசைகளைச் சுற்றிக் கறுப்புக் கோட்டுப் போட்ட இளைஞர்கள் பேசாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேடை இல்லை. குத்துவிளக்கு இல்லை. ஒரு பொன்னாடைகூடக் கண்ணில் படவில்லை.

"தப்பான இடத்துக்கு வந்துட்டோம் போல இருக்கே" என்றான் சூசை.

நடுவர் ஜெபக்கனி அம்மாள் பட்டியலைப் பார்த்தார். "முக்கால்பட்டி மன்றம். உங்க ஆட்டம் ஆரம்பிக்கப்போகுது. மூணாம் மேசைக்கு வாங்க."

"எங்க மேசை லாரியில இருக்கு அம்மா" என்றார் தலைவர்.

நடுவர் வெளியே வந்து பார்த்தார். மண்டபத்தின் கதவும் சிறியதுதான். தலைவர் கடப்பாரையை எடுக்கச் சொல்வதற்குள் நடுவர் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். அவர் அன்று காலையிலிருந்து பதினெட்டு ஆட்டங்களைப் பார்த்துக் களைத்திருந்தார். மேசையில் சங்கத்தின் முத்திரை இருந்தது. சங்கம் கொடுத்த எந்த மேசையிலும் ஆடலாம் என்று விதியும் இருந்தது. "சரி, லாரி மேலயே ஆடுங்க. யாரு ஆடுறது? ரெண்டு நிமிஷத்துல ஒரு பந்தாவது அடிக்கலைன்னா பேரை அடிச்சிருவேன். மேசை எங்களுக்கு."

எல்லாரும் லாரியில் ஏறினார்கள். நடுவரும் ஏறினார். எதிராளியும் கோலோடு ஏறினான். பந்துகளை அடுக்கினார்கள்.

"தலைவர் இருக்கும்போது நான் எப்படி அடிக்க?" என்றார் மாசானமுத்து.

"நமக்குள்ள என்னவே தலைவரு? சூசை அடிக்கட்டும், சின்ன வயசு" என்றார் ஐம்பத்தெட்டு வயது சூசையைப் பார்த்து வைகுண்டமணி.

"எனக்கு வாய்க்கால்ல விழுந்ததுலேருந்து தோள்பட்டை சரியில்லை. செயலாளருதான் நல்லா அடிப்பாரு. தினமும் பதினஞ்சு போட்டாருல்லா" என்றான் சூசை.

மூன்று பேரும் ஆவுடையப்பன் கையில் கோலைத் திணித்தார்கள். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் நமக்காக விட்டுக்கொடுக்கிறார்களே என்று அவர் கோலோடு சேர்த்து மூவரையும் கும்பிட்டார்.

"வரவேற்புரை இல்லாம எப்படி அடிக்கது?" என்று முனகினார்.

"இன்னும் இருபது வினாடி" என்றார் நடுவர்.

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். இருட்டில் கொம்பையா வந்து உட்கார்ந்து, "முதல்ல என்னைய ஸ்ட்ரெச்சர்ல…" என்றார். போதும், அவ்வளவுதான். பதினோரு வருடத்து ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஆவுடையப்பன் கோலால் ஒரு குத்து விட்டார். வெள்ளைப் பந்து போய்ப் 'படார்' என்று இடித்தது.

லாரி டிரைவர் பேச்சிமுத்து சீட்டில் கண்ணயர்ந்திருந்தான். பின்னால் யாராவது லாரியைத் தட்டினால் கிளம்ப வேண்டும் என்பது அவன் இருபது வருடப் பழக்கம். படார் என்ற சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலேயே வண்டியைக் கிளப்பிக் கியரைப் போட்டான். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் பாய்ந்தது. பந்தெல்லாம் ஒரு பக்கமாக உருண்டன. நடுவர் கத்தினார். பிரேக் போட்டான். பந்தெல்லாம் மறுபக்கம் உருண்டன. லாரி நின்றபோது எதிராளி சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், நடுவர் மேசையின் காலைக் கட்டிப் பிடித்திருந்தார், மேசைமேல் ஒரு பந்தும் இல்லை.

சூசை ஆறு குழிகளிலும் கைவிட்டு எண்ணினான். "பதினஞ்சும் விழுந்துட்டு! எப்பவும் போலத்தான்!"

"வெள்ளையும் விழுந்திருக்கு" என்று நடுவர் மூச்சு வாங்கினார். "வெள்ளை விழுந்தா ஆட்டம் போச்சு, நீங்க தோத்துட்டீங்க. ஆனா அடிச்சீங்க. கலந்துக்கிட்டதா எழுதிக் குடுத்துடுறேன். மேசை உங்ககிட்டயே இருக்கட்டும். நல்லா இருப்பீங்க, கிளம்புங்க." எழுதிக் கொடுக்கும்போது அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கீழே இன்னொரு வரியும் சேர்த்துச் சங்கத்தின் முத்திரையைக் குத்தினார்: 'இந்த மேசை இனி எக்காரணம் கொண்டும் மன்றத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வெளியே வருவதற்கு வழியும் இருக்கக் கூடாது.'

மறுநாள் காலையில் மேசை முக்கால்பட்டிக்குத் திரும்பியது. ஆவுடையப்பன் லாரியிலிருந்து குதித்து அறைக்குள் ஓடினார். ஓடியவர் அப்படியே நின்றார். உள்ளே நாற்காலியில் கொம்பையா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ எப்படி உள்ள வந்த?"

"இந்தக் கதவு வழியா வரக் கூடாதுன்னுதானே அத்தான் போட்டிருந்துச்சு? இப்போ கதவே இல்லையே" என்றார் கொம்பையா.

ஆவுடையப்பனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. சுவரைத் திரும்பக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மேசையை உள்ளே இறக்கியதும் அவரே முதல் ஆளாகச் சிமென்டு குழைத்தார். இறக்கிவிட்டு லாரி நெல் ஏற்றப் போய்விட்டது.

மாசானமுத்து பழைய கதவு நிலையை இழுத்து வந்தார்.

"அதை எதுக்குவே கொண்டாரீரு?" என்றார் தலைவர் கடிதத்தை விரித்தபடி. "வெளிய வர வழி இருக்கக் கூடாதுன்னு முத்திரை போட்டுக் குடுத்திருக்காவ. கதவுன்னா வழிதானே?"

"கதவு வழியாத்தான் மேசை போகாதே அண்ணாச்சி."

"நீருதானே சொன்னீரு, காலைக் கழட்டிச் சாய்ச்சாப் போயிரும்னு?"

மாசானமுத்து வெட்கப்பட்டு நிலையைத் தெருவில் போட்டார். அத்தனை பாடுபட்டு மீட்ட மேசை. யாருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை. எல்லாரையும்விட ஆவுடையப்பனுக்குத்தான் உற்சாகம். கதவே இல்லையென்றால் கொம்பையா இனி எந்தக் காலத்திலும் உள்ளே வர முடியாது.

வெளியே வெயில் கொளுத்தியது. ஆகவே செங்கலையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, நிழலில் நின்று உள்பக்கமாகவே கட்டினார்கள். கொம்பையா நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். சும்மா இருக்க மனமில்லாமல் அவரும் உள்ளே நின்று ஒவ்வொரு செங்கலாக எடுத்துக் கொடுத்தார். மூன்று மணிக்குக் கடைசிச் செங்கல் ஓட்டுக்குக் கீழே கச்சிதமாக உட்கார்ந்தது. நல்ல கெட்டியான சுவர். தலைவர் அதைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

கம்பி ஜன்னலில் சண்முகக்கனி சோற்றுத் தூக்கோடு வந்து நின்றார். உள்ளே பார்த்தார், வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார், திரும்ப ஜன்னலுக்கு வந்தார். "ஏங்க, நீங்கள்லாம் எப்படி வெளிய வருவிய?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கு ஒரு தீர்மானம் போட்டாத்தானே?" என்றார் தலைவர். "செயலாளரே, புத்தகத்தை எடும்."

ஆவுடையப்பன் மேசைமேல் பார்த்தார். மேசைக்கடியில் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புத்தகம் லாரியில போயிட்டு அண்ணாச்சி."

நால்வரும் பழையபடி மேசையைச் சுற்றி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். கொம்பையா ஐந்தாவது நாற்காலியை இழுத்து ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"புத்தகம் வரும்போது வரட்டும் அத்தான். இப்போ என்ன அவசரம்? அன்னைக்கு என் குடல்வாலு ஆபரேஷனுக்கு…"

"ஆபரேஷனா?" என்று வைகுண்டமணி நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையேவே!"

"முதல்லேருந்து சொல்லும், ஒண்ணு விடாம" என்று சொல்லிவிட்டு, சூசை எழுந்துபோய் மைக்கை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான்.